பல வருடம் நின்ற பெட்ரோல் ஜீப்: கார்பரேட்டரைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும்

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக் கொட்டகையில் எங்கள் மாமாவின் பெட்ரோல் ஜீப் 11 வருடம் நின்றது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, மாங்காய்க் கிரேட் ஏற்றத் தோதாகப் பலகை அடித்த வண்டி. மாமா போன பிறகு அதை ஓட வைக்கிறேன் என்று நான் இறங்கினேன். ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஐந்து மாதம் இழுத்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்பரேட்டரை மட்டும் நான்கு தடவை கழற்றி மாட்டினேன். முதல் தடவை கழற்றியது தேவைதான். மற்ற மூன்றும் வீண். உண்மைக் கோளாறு ஒரு தடவை டேங்கில் இருந்த துரு, ஒரு தடவை பிளக்கின் பொறியைக் கெடுத்த கண்டன்சர் என்ற சின்ன மின் பாகம், ஒரு தடவை கார்பரேட்டருக்கு அடியில் காற்று உறிஞ்சிய பேக்கிங். பழி மட்டும் ஒவ்வொரு முறையும் கார்பரேட்டர் மேல்.

நான் சொல்வது மகிந்திராவின் பழைய ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், ஒற்றைத் தொண்டை சோலெக்ஸ் கார்பரேட்டர் உள்ள ஜீப்புக்கு. பத்மினி கார், பழைய ஆம்னி வேன் வைத்திருப்பவர்களுக்கும் வேலை வரிசை இதேதான். டியூன் செய்யும் ஸ்குரூ இருக்கும் இடம் மாறும். டீசல் ஜீப்பில் கார்பரேட்டரே கிடையாது. சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி.யை எடுங்கள்

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு காகிதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுதான் முதல் தப்பு. ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எரிபொருள் மூன்றையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் பெட்ரோல் ஜீப்புகள் நிறையப் பேர் கையில் டீசலாக மாறியிருக்கின்றன. சிலது மறுபடி பெட்ரோலாகவும் ஆகியிருக்கின்றன. காகிதம் ஒன்று சொல்லி, பானெட்டுக்குள் வேறொன்று இருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் நின்று விழிக்க வேண்டியதுதான். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், கார்பரேட்டர் காத்திருக்கும்.

உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கட்டாயம் வேண்டும். வாரிசுகள் பல பேர் என்றால் மற்றவர்களிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கி வையுங்கள். நாங்கள் அத்தை பெயருக்கு மாற்றினோம். இந்த வண்டி வேலையிலேயே அதிக நாள் தின்றது வாரிசுச் சான்றிதழ்தான், ஏழு வாரம்.

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்கப் படிவம் 25. புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். 2022 ஏப்ரலில் இருந்து கார், ஜீப் வகைக்கு இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்புக்குப் பின் 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 10,000. தாமதத்துக்கு மாதம் 500 தனி. எங்கள் ஆர்.சி. காலாவதியாகி 26 மாதம் ஆகியிருந்தது, அதனால் தாமதத்துக்கு மட்டும் 13,000 கணக்கு. பசுமை வரி இதில் சேராது. கிருஷ்ணகிரி வண்டி டி.என்.24, தர்மபுரி டி.என்.29, ஓசூர் டி.என்.70. உங்கள் பழைய நம்பர் எந்த அலுவலகத்தில் பதிவானது, இப்போதைய முகவரி எந்த அலுவலகத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். ரொம்பப் பழைய வண்டியின் விவரம் கணினியில் ஏறாமலே இருக்கலாம். அதை ஏற்றித் தரச் சொல்லித் தனியாக மனு கொடுக்க வேண்டும். அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

இன்னும் வாங்கவில்லை, ஏலத்தில் ஜீப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வரி: அரசுத் துறை பெயரில் உள்ள வண்டி 15 வருடம் தாண்டியிருந்தால் 2023 ஏப்ரல் 1 முதல் அதன் பதிவைப் புதுப்பிக்க முடியாது. விலை மலிவு என்று தூக்கி வந்தால் தோட்டத்தில் கோழி அடைக்கத்தான் ஆகும்.

காகிதம் முடியும்வரை வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். இழுத்துப் போக ரெக்கவரி வண்டி வையுங்கள்.

2. சாமானும் பணமும்

சோலெக்ஸ் ரிப்பேர் கிட் கிருஷ்ணகிரியில் எனக்குக் கிடைக்கவில்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் இரண்டாவது கடையிலேயே கிடைத்தது. சென்னைக்குப் போகிறவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்கலாம். போகும்போது கார்பரேட்டர் மேல் அடித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "ஜீப் சோலெக்ஸ்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதைத் தருவார்.

எனக்கு ஆன செலவு: கார்பரேட்டர் கிட் 850, ஏசி பம்ப் (டேங்கில் இருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்) கிட் 400, பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார் மூன்றும் 700, பிளக் நான்கு 600, பெட்ரோல் ஓஸ், ஃபில்டர், கிளிப் 550, டேங்க் சுத்தம் 1,500, பேட்டரி 5,200, லேத்தில் புஷ் போட 900, கிளீனர் ஸ்பிரே இரண்டு டப்பா 700, பெரியவர் ஒருவர் கூலி 3,000. மொத்தம் 14,400. இதற்கு மேல், அவசரப்பட்டு வாங்கிய பழைய கார்பரேட்டர் ஒன்றுக்கு 4,000 போனது. அதன் தொண்டை தேய்ந்து என்னுடையதைவிட மோசமாக இருந்தது. உங்கள் வண்டியோடு வந்த கார்பரேட்டர் உடைந்தே போயிருந்தாலொழிய அதை மாற்றாதீர்கள்.

மாம்பழ சீசனில், அதாவது மே, ஜூனில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நல்ல மெக்கானிக்குகள் எல்லாரும் லோடு வண்டிகளுக்கு அடியில் படுத்திருப்பார்கள்.

3. டேங்க், பைப், ஏசி பம்ப்

ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். எங்கள் டேங்கில் இருந்தது டீ டிக்காஷன் நிறத்தில், வார்னிஷ் வாடையோடு வந்தது. புதுப் பெட்ரோல் கலந்து ஓட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள்.

டேங்கைக் கழற்றி, கைப்பிடி அளவு நட்டும் சின்னச் சங்கிலியும் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் துரு உதிரும். அலசி, வெயிலில் நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். ஓட்டை இருந்தால் நேராக வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி குண்டு மாதிரி வெடிக்கும். இதற்கென்றே வேலை செய்பவர்கள் பல தடவை அலசி, தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் நெருப்பைக் காட்டுவார்கள்.

டேங்கில் இருந்து வரும் இரும்புப் பைப்பை ஊதிப் பாருங்கள். எங்கள் பைப்புக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ரப்பர் ஓஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் அத்தனையையும் மாற்றுங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊற வைத்து உரிக்கும், உரிந்த துகள் நேராகக் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துளைக்குப் போகும். எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள். ஏசி பம்பின் டயாபிராமும் அதே கதைதான். அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும், டிப் ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று போடுங்கள். முதல் இரண்டு வாரம் அதுதான் உங்கள் கண். அதில் செம்மண் நிறம் வந்தால் டேங்க் இன்னும் சுத்தமாகவில்லை. இதைப் பார்க்காமல்தான் நான் இரண்டாவது தடவை கார்பரேட்டரைக் கழற்றினேன்.

4. இன்ஜினைக் கையால் சுற்றுங்கள்

உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் முன்பக்கத்தில் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால் பலம் போடாமல் இன்னும் ஊறவிடுங்கள். சுற்றினால் பழைய ஆயிலை மாற்றி, டேப்பட் (வால்வு) இடைவெளி பார்த்து, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்ரஷன் அளந்துவிடுங்கள். நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் படுத்திருந்தால் எந்த ஸ்குரூவைத் திருகியும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடுவது) சீராக வராது.

5. கரண்ட்

தர்மபுரியில் எனக்கு உதவிய பெரியவர் ஜீப்பைப் பார்த்ததும் பானெட்டைத் திறந்து, கார்பரேட்டரை ஏறெடுத்தும் பார்க்காமல், பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். "தம்பி, கரண்ட்டும் காத்தும் சரியா இருக்கான்னு பாரு. அப்புறம் பெட்ரோலைப் பத்திப் பேசலாம்" என்றார். அவர் சொன்னதை முதல் மாதமே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதிதான் இருந்திருக்கும்.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்ட்டை வெட்டி வெட்டி விடும் முனைகள்) இடைவெளி 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.75 மி.மீ. ஃபில்லர் கேஜ் வைத்தே பாருங்கள், கண் மதிப்பு வேண்டாம். எரியும் வரிசை 1-3-4-2. நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும், மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்துத் துடையுங்கள். பிளக்கில் பொறி நீலமாக, சடசடவென்று வர வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டன்சரை மாற்றுங்கள்.

கண்டன்சர் கெட்டால் வண்டி எப்படி நடிக்கும் தெரியுமா? ஸ்டார்ட் ஆகும், சூடானதும் திணறும், ரேஸ் கொடுத்தால் பட்பட் என்று கார்பரேட்டர் வழியாகவே இருமும். பெட்ரோல் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. புதிதாக வாங்கியதுகூடக் கெட்டதாக இருக்கலாம். நான் வாங்கிய முதல் புதுக் கண்டன்சர் நான்கே நாளில் போனது.

6. கார்பரேட்டரைத் திறப்பது

வெளிச்சமான இடம், வெள்ளைத் துணி விரித்த தட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ. புகைப்பவர்களைக் கொட்டகைக்கு வெளியே அனுப்புங்கள்.

மேல்மூடியை எடுத்ததும் மிதவைக் கிண்ணம் தெரியும். அடியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி இருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வை மாற்றும்போது அதன் அடியில் இருக்கும் வாஷரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சோலெக்ஸில் பெட்ரோல் மட்டத்தை முடிவு செய்வதே அந்த வாஷரின் கனம்தான். கிட்டில் வந்தது மெல்லியதாக இருந்தால் பழையதையே போடுங்கள்.

பிறகு மெயின் ஜெட், பைலட் ஜெட், ஏர் ஜெட். எல்லாம் பித்தளை, அதனால் சரியான அகலமுள்ள ஸ்குரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள், தலை சிதைந்துவிடும். ஜெட் மேல் அடித்திருக்கும் எண் மி.மீ.யில் நூற்றில் ஒரு பங்குக் கணக்கு. 120 என்றால் 1.20 மி.மீ. துளை. இதனால்தான் ஜெட்டுக்குள் கம்பி விடக் கூடாது. பிரேக் வயர் இழையால் ஒரு குத்து குத்தினால் 120 ஜெட் 125 ஆகிவிடும், அப்புறம் மைலேஜ் எங்கே போனது என்று தேடுவீர்கள். ஸ்பிரேயில் ஊற வைத்து, பஞ்சர் கடை காற்றால் ஊதுங்கள். அடம்பிடித்தால் மீன் தூண்டில் நைலான் நரம்பு. எதிர் வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு உடம்புக்குள் இருக்கும் சின்ன வழிகளை மறப்பதுதான் பொதுவாக நடக்கும் தப்பு. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் வழி, தொண்டையைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு அருகே ஊசிமுனை அளவு துளைகளில் வெளியே வரும். ஒரு பக்கம் ஸ்பிரே அடித்தால் மறு பக்கம் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் ஐடிலிங் வராது. டயாபிராம்களையும் மிதவையையும் எடுத்த பிறகே ஸ்பிரேயும் காற்றும்.

இரண்டு சோதனை மீதி. மேல்மூடியையும் அடி விளிம்பையும் கண்ணாடித் துண்டு மேல் வைத்து ஆடுகிறதா பாருங்கள். நட்டை அளவுக்கு மீறி இறுக்கிய வண்டியில் விளிம்பு வளைந்திருக்கும், கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர் ஒட்டி மெல்லத் தேய்த்துச் சமமாக்கலாம். த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அந்த இடுக்கில் காற்று நுழையும். லேத்தில் தண்டு ஆடாமல் பிடிக்கும் புஷ் போட்டு வாங்குங்கள்.

7. முதல் ஸ்டார்ட்

புது பேக்கிங் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். ஐடிலிங் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவை விரலால் மெதுவாக அடி தொடும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அடி தொட்ட பிறகு அழுத்தினால் முனை நசுங்கும், அதற்கு மருந்து கிடையாது.

இன்ஜினை நிறுத்தி வைத்தபடியே ஆக்சிலேட்டரை அசைத்துத் தொண்டைக்குள் எட்டிப் பாருங்கள். பெட்ரோல் மெல்லிய கம்பியாகப் பீய்ச்ச வேண்டும். இல்லையென்றால் கோளாறு கார்பரேட்டரிலேயே இருக்கும் ஆக்சிலேட்டர் பம்ப்பின் டயாபிராமில்.

சோக் இழுத்து செல்ஃப் அடியுங்கள். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். தொண்டையில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், தீ எதிர்த்து அடித்தால் முகம் போகும். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும், கொட்டகைக் கதவு திறந்தே இருக்கட்டும். புகை உள்ளே சேர்ந்தால் ஆளைக் கொல்லும்.

8. டியூனிங்

இவ்வளவுக்கும் பிறகு இந்த வேலை அரை மணி நேரம்தான். 15, 20 நிமிடம் ஓட விட்டு நன்றாகச் சூடேற்றுங்கள். சோக் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். கேபிள் சிக்கி பாதியில் நிற்கும் வண்டிகள் பல, கையால் தள்ளிப் பாருங்கள்.

ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவால் ஓட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மிக்சர் ஸ்குரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். ஒரு கட்டத்தில் இன்ஜின் தடுமாறும், அது பெட்ரோல் குறைந்த எல்லை. இனி வெளியே எடுங்கள். ஓட்டம் ஏறும், பிறகு பாரமாக, தூக்கக் கலக்கத்தில் நடப்பது மாதிரி ஓடும், புகை வாடை வரும். அது பெட்ரோல் மிஞ்சிய எல்லை. இரண்டுக்கும் நடுவில் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து அரைக்கால் சுற்று உள்ளே. ஓட்டம் கூடியிருந்தால் ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவைக் குறையுங்கள். இதை இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு 600 சுற்று பக்கம் சீராக நின்றால் போதும்.

பைக் மெக்கானிக் உதவிக்கு வந்தால் ஜாக்கிரதை. பல பைக்குகளில் இருப்பது ஏர் ஸ்குரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். சோலெக்ஸில் உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். நேர் எதிர்.

ஸ்குரூவை எவ்வளவு திருகினாலும் இன்ஜின் கண்டுகொள்ளவில்லையா? பைலட் வழி அடைத்திருக்கிறது, அல்லது ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவை அதிகம் ஏற்றி வைத்திருக்கிறீர்கள், அல்லது வேறெங்கோ காற்று நுழைகிறது. காற்றைக் கண்டுபிடிக்க அடி பேக்கிங், கார்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிபோல்டு ஓரங்களில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல். தெளித்த இடத்தில் சத்தம் மாறினால் திருடன் அங்கே. சூடான இன்ஜினில் பெட்ரோலையோ கிளீனரையோ தெளித்துச் சோதிக்காதீர்கள்.

மேனிபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் கிடைத்தால் காதைவிட நல்லது. கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) சீராக நிற்க வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் ஒன்றரை அங்குலம் குறைவாகக் காட்டினால் பதறத் தேவையில்லை.

9. ரோட்டில்

காகிதம் கைக்கு வந்த பிறகு ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். சூளகிரி வழியாக ஓசூர் ஏறுவது நல்ல சோதனை. ஓசூர் நம்மைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம், அங்கே காற்று லேசாகும், அதே ஸ்குரூ அளவில் பெட்ரோல் சற்று மிஞ்சும். தளி, அஞ்செட்டிப் பக்கம் ஓட்டுபவர்கள் அங்கேயே டியூன் செய்துகொள்வதுதான் சரி.

ஏற்றத்தில் இழுக்கும்போது சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஆறியதும் பிளக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு. எத்தனால் பெட்ரோலுக்கு அதே காற்றுக்கு ஏழெட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். அதனால் பழைய ஜெட்டில் வெள்ளை காட்டுவது சகஜம். கரண்ட், காற்று எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளை என்றால் மெயின் ஜெட்டை ஒரு படி மட்டும் ஏற்றுங்கள், 120 இருந்தால் 125. நான் அதைத்தான் செய்தேன், ஏற்றத்தில் இருந்த விக்கல் நின்றது.

ஏப்ரல், மே மதியத்தில் நின்றுபோய், அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனால் அது டியூனிங் கோளாறு அல்ல. பைப்பில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. ஏசி பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள், பைப் சைலன்சர் பக்கம் உரசாமல் தள்ளிக் கட்டுங்கள்.

10. இன்சூரன்ஸ், புகைச் சான்று

1,500 சி.சி.க்கு மேல் உள்ள சொந்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022 ஜூன் கட்டணப்படி 7,897 ரூபாய், வரியோடு 9,300 தாண்டும். ஆர்.சி. புதுப்பிக்க இதுவும் புகைச் சான்றும் கேட்பார்கள், எனவே இன்ஜின் சரியான வாரத்திலேயே எடுங்கள். முன்கூட்டி எடுத்தால் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குக் காசு கட்டுவீர்கள். நான் நான்கு மாதம் கட்டினேன்.

இவ்வளவு பழைய பெட்ரோல் வண்டிக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.மும் எல்லை. சூடான இன்ஜினோடு போங்கள். முதல் அளவு 4க்கு மேல் வந்தது எனக்கு. அங்கேயே ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே திருகினேன், 2.6 ஆனது. ஸ்குரூடிரைவரைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

வண்டி மறுபடி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறதென்றால், பெட்ரோல் பைப்பைப் பம்புக்கு முன்னால் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கிண்ணம் காலியாகும். பைப் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் துணியால் கட்டிவிடுங்கள், குளவிக்கு.